கூட வேலை பார்ப்பவருக்கு என்ன பரிசு?

தை, ஆவணி பிறந்தாலே ஆபீஸ் போகும் பெண்களுக்குக் கொஞ்சம் திகில்தான். கல்யாணப் பத்திரிகைகள் மேஜையில் குவியும். நடுவில் ஒருவருக்குச் சீமந்தம், இன்னொருவர் ரிடையர் ஆவார். எங்கள் செக்ஷனில் பணம் வசூலித்துப் பரிசு வாங்கி வருவது பல வருஷமாக என் பொறுப்பு. அந்த அனுபவத்தில் சில யோசனைகள், சகோதரிகளே!

முதலில் வசூல். தலைக்கு இருநூறு என்று விதித்து, பெயருக்கு நேரே தொகையை எழுதி லிஸ்டைச் சுற்றுக்கு விடுவது வெகுநாள் வழக்கம். இப்போது அதையே வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். நான் பொறுப்பேற்ற மாதம், ஆபீஸைப் பெருக்கித் துடைக்கும் அம்மா தனியே கூப்பிட்டு, "எல்லாரும் இருநூறு போட்டிருக்காங்க. நான் மட்டும் இருபதுன்னு எப்படிம்மா எழுதறது? இருநூறு குடுத்தா இந்த வாரம் மளிகை வாங்க முடியாதே" என்றார். அன்றோடு லிஸ்ட் நின்றது. ஓர் உறை மட்டும் சுற்றி வரும். முடிந்ததைப் போடலாம்; போடாமலும் அடுத்தவரிடம் தரலாம். வாழ்த்து அட்டையில் எல்லார் பெயரும் இருக்கும்.

கல்யாணம் என்றதும் சுவர்க் கடிகாரத்துக்கு ஓடாதீர்கள். நாலு சேர்ந்தால் மூன்று பரணுக்குத்தான் போகும். "உனக்கு இன்னும் எது வாங்கலை?" என்று மணப்பெண்ணையே கேளுங்கள். அந்த அம்மாவின் மகளைக் கேட்டபோது, தயங்கித் தயங்கி, "தையல் மிஷின்" என்றாள். உறையில் சேர்ந்த பணத்தில் அதையே வாங்கினோம். இன்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள்!

குழந்தை பிறந்த வீட்டுக்குப் பவுடர், மை, ஃபீடிங் பாட்டில் வேண்டாம். பவுடர்த் தூள் குழந்தையின் மூச்சில் ஏறும். மை கண்ணுக்கு ஆகாது. மெல்லிய பருத்திச் சட்டைகளை ஓர் அளவு பெரிதாகவே வாங்குங்கள். தாய்க்குப் பால் கொடுக்க வசதியாக, முன்பக்கம் திறக்கும் பருத்தி நைட்டி தரலாம். அவளை எல்லாரும் மறந்துவிடுகிறார்களே!

ரிடையர் ஆகிறவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தால் ஸ்வீட் பெட்டி எதற்கு? 1935-லிருந்து இருக்கும் கோ-ஆப்டெக்ஸில் நல்ல போர்வை கிடைக்கும், நெசவாளிக்கும் பிழைப்பு. வடக்கே மாற்றலாகிப் போகிறவருக்கு, 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய் கொடுத்தனுப்பலாம். நாள்பட்டாலும் கெடாது.

மேலதிகாரிக்கு மட்டும் தனியாக விலை உயர்ந்த பரிசு கூடாது. பார்ப்பவர்கள் வேறு அர்த்தம் கற்பிப்பார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ஆம் வருஷத்து நடத்தை விதிகளில், பரிசு வாங்குவதற்கென்றே 13-வது விதி இருக்கிறது. தமிழக அரசு ஊழியர்களையும் 1973-ஆம் வருஷத்து விதிகள் கட்டுப்படுத்துகின்றன.

கடைசியாக ஒன்று. பரிசைப் பிரிக்கிறபோது, "ஐயோ, இதைத் திருப்பிச் செய்யணுமே" என்ற பாரம் அவர் மனசில் ஏறக்கூடாது. கொடுத்தவர் வீட்டு அடுப்பும் அதனால் அணையக்கூடாது. இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால், எவர்சில்வர் டம்ளர்கூட நல்ல பரிசுதான்.