மோட்டார் வண்டியின் திரவங்கள்

தமிழாசிரியர்க்கு எஞ்சினில் என்ன வேலை என நண்பர் சிலர் வினவக்கூடும். பட்டறிவே எம்மை இதனை எழுதத் தூண்டிற்று.

சில ஆண்டுகளின் முன் எமது பழைய காரில் நுவரெலியாவினின்று இறம்பொடை வழியே கம்பளை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். வளைவுதோறும் பிறேக்கை மிதித்தே வந்தமையால், ஓரிடத்தில் மிதி தளர்ந்து அடிவரை அமிழ்ந்தது. கியரைக் குறைத்து, கைப்பிறேக்கை மெல்ல இழுத்து, ஒருவாறு வண்டியைக் கரையில் நிறுத்தினோம். ஆறியபின் மிதி முன்போல் உறுதியாயிற்று. பிழை எம்முடையதே, பிறேக் எண்ணெயை ஐந்தாண்டுகளாக மாற்றாதிருந்தோம்.

அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 3 எனும் வகை, புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பத்திற் கொதியாது. நூற்றுக்கு நான்கு பங்களவு நீர் சேர்ந்துவிடின் 140 பாகையளவிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் ஆவிக்குமிழிகள் தோன்றும். திரவம் அமுக்கத்தாற் சுருங்காது, ஆவியோ சுருங்கும். ஆதலின் காலின் விசை சில்லைச் சென்றடையாது. ஈராண்டுக்கு ஒருமுறை புதிய எண்ணெயை ஊற்றி, ஒவ்வொரு சில்லின் வழியாகவும் பழையதனை வெளியேற்றுதல் நன்று. அவ்வேளை மேலுள்ள கிண்ணம் வற்றினாற் காற்றுப் புகுந்துவிடும்.

இனி, றேடியேற்றர். யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணக்கல்லினூடே ஊறி வருவது. அதனைக் காய்ச்சும் கேத்திலினுள்ளே வெண்படை படிதலை வீடுதோறும் காண்கின்றோம். அப்படையே றேடியேற்றரின் நுண்குழாய்களையும் அடைத்து, எஞ்சினைக் கொதிக்கச் செய்கின்றது. எஞ்சின் நன்றாக ஆறியபின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும். சூட்டிற் றிறந்தால் அமுக்கமுற்ற வெந்நீர் முகத்திற் பாயும். பழைய நீரை வடித்து, தூய நீரிட்டு எஞ்சினைச் சிறிது ஓட்டி, மீண்டும் ஆறவிட்டு வடித்தல் வேண்டும். வடியும் நீர் தெளியும்வரை இவ்வாறு செய்து, பின்னர்க் குளிர்த்தித் திரவத்தைக் காய்ச்சி வடித்த நீருடன் கைந்நூலிற் கூறிய அளவிற் கலந்து நிரப்புக. கிணற்றுநீரை நிரப்பற்க.

எஞ்சின் ஒயில் கறுத்தல் இயல்பே; அழுக்கைத் தாங்கிவருவதே அதன் தொழில். நிறத்தை நோக்காது, கைந்நூல் கூறும் காலத்திலும் தூரத்திலும் வடியுடன் சேர்த்து மாற்றுக. ஏனைய திரவங்களுக்கும் இதுவே விதி. அவை பழுதுறுவது கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே மாற்றிய நாளை ஒரு கொப்பியிற் குறித்து வைத்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. வடித்த திரவங்களை வளவில் ஊற்றாதீர்கள். குளிர்த்தித் திரவம் பெரும்பாலும் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. நாய், பூனைகள் நக்கி இறக்கும். ஒயிலும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே கீழிறங்கும். அடைத்த கலத்திலிட்டு, கழிவொயில் ஏற்கும் கராச்சிற் கொடுங்கள். வண்டியைக் காப்பதற்காக நாம் மாற்றும் திரவம், நாம் குடிக்கும் கிணற்றைச் சென்றடைதல் ஆகாது.