பழைய காரின் ஹீற்றரும் வெப்ப இடமாற்றமும்

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம், வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும் கற்கும் மாணவர்களுக்குரியது



கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் ஆகிய மூன்றின் வரைவிலக்கணத்தையும் உங்களுள் பெரும்பாலானோர் பிழையின்றி ஒப்புவிப்பீர்கள். ஆனால் வினாத்தாளில் ஓர் இயந்திரத்தின் படத்தைத் தந்து, "இங்கு வெப்பம் எவ்வழியே செல்கின்றது? காரணம் கூறுக" என்று கேட்டவுடன் பேனா நின்றுவிடுகின்றது. புத்தகத்துச் சொல் ஓர் உலகம், கராஜில் கேட்கும் சொல் வேறோர் உலகம் என்று எண்ணுவதே இதற்குக் காரணம். இரண்டும் ஒன்றே என்பதை வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் இடைக்கிடை நாம் காணும் மொறிஸ் மைனர் காரைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

1. கொழும்பில் ஹீற்றர் எதற்கு?

கொழும்பின் வெப்பத்தில் காருக்குள் சூடாக்கி தேவையில்லை என்பது உண்மை. ஆனால் இதே கார் அவிசாவளை, ஹற்றன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போது நிலைமை மாறுகின்றது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. குளிருடன் மூடுபனியும் மழையும் சேர, முன் கண்ணாடியின் உட்புறத்தில் நீராவி ஒடுங்கிப் படிகின்றது. சாரதிக்குப் பாதை தெரிவதில்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம் உள்ள வளைவில் இது உயிராபத்து.

ஹீற்றரின் சூடான வளி கண்ணாடியில் படும்போது இரண்டு விடயங்கள் நிகழ்கின்றன. கண்ணாடியின் வெப்பநிலை பனிபடுநிலைக்கு மேல் உயர்கின்றது. வளியின் வெப்பநிலை உயர்வதால் அதன் சாரீரப்பதன் குறைகின்றது. எனவே படிந்த நீர் ஆவியாகி, கண்ணாடி தெளிகின்றது.

2. பம்பி இல்லாத காரும் பம்பி உள்ள காரும்

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. அதன் முதல் இயந்திரம் 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. அதில் நீர்ப்பம்பி இருக்கவில்லை. அப்படியாயின் நீர் எவ்வாறு சுற்றியது?

இயற்கையான மேற்காவுகையால் சுற்றியது. இயந்திரத்தில் சூடான நீர் விரிவடைந்து அடர்த்தி குறைந்து மேலெழுந்து, மேற்குழாய் வழியே றேடியேற்றரை அடையும். அங்கு குளிர்ந்து அடர்த்தி கூடிக் கீழிறங்கி, கீழ்க்குழாய் வழியே மீண்டும் இயந்திரத்தை அடையும்.

இந்த ஓட்டத்தை உண்டாக்குவது சிறிய அடர்த்தி வேறுபாடு மட்டுமே. ஹீற்றரின் ஒடுங்கிய குழாய்களினூடாக நீரைத் தள்ள அது போதாது. 1950 அளவில் நீர்ப்பம்பி பொருத்தப்பட்ட பின்னரே இக்காருக்கு ஹீற்றரை மேலதிக உபகரணமாக வழங்க முடிந்தது. பம்பியால் நீரைச் சுற்றச் செய்வது வலிந்த மேற்காவுகை எனப்படும்.

3. வெப்பம் செல்லும் வழி

பிந்திய 948, 1098 கன சென்ரிமீற்றர் இயந்திரங்களில் ஒழுங்கு பின்வருமாறு:

• எரிபொருள் எரிவதால் உண்டாகும் வெப்பத்தின் ஒரு பகுதி உருளைச் சுவரினூடாக நீரை அடைதல் – கடத்தல்.
• சிலிண்டர் ஹெட்டின் பின்புறமுள்ள திருகுபிடி வழியே சுடுநீர் ஹீற்றருக்குச் சென்று, பம்பியின் உறிஞ்சும் பக்கத்துக்குத் திரும்புதல் – வலிந்த மேற்காவுகை.
• ஹீற்றரின் குழாய்ச் சுவரையும் மெல்லிய தகடுகளையும் ஊடுருவுதல் – கடத்தல்.
• மின்விசிறி தள்ளும் வளியுடன் அவ்வெப்பம் காருக்குள் வருதல் – வலிந்த மேற்காவுகை.

ஆகவே ஹீற்றர் என்பது காருக்குள் வைக்கப்பட்ட ஒரு சிறிய றேடியேற்றரேயாகும். மலையேறும்போது இயந்திரம் அளவுக்கு மிஞ்சிச் சூடானால், அனுபவமுள்ள சாரதிகள் ஹீற்றரை முழுதாகத் திறந்துவிடுவது இதனாலேயே.

கணிப்பு: ஹீற்றரினூடாக ஒரு செக்கனில் 0.05 கிலோகிராம் நீர் சென்று 10 பாகை செல்சியஸ் குளிர்கின்றது எனக் கொள்வோம். நீரின் தன்வெப்பக் கொள்ளளவு, கிலோகிராமுக்கு ஒரு பாகைக்கு 4,200 யூல்.

வெப்பம் = திணிவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை மாற்றம்
= 0.05 × 4,200 × 10
= 2,100 யூல்

ஒரு செக்கனுக்கு 2,100 யூல் என்பது 2,100 உவாற்று. வீட்டு மின்கேத்தல் ஒன்றின் வலுவுக்கு இது கிட்டியது.

4. பிழை கண்டுபிடித்தல்

இயந்திரம் நன்கு சூடாகியும் குளிர்ந்த வளியே வருகின்றது என்க. எதையும் கழற்றுமுன் இயந்திரத்தை நிறுத்தி, ஹீற்றரின் இரு ஹோஸ்களுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுசென்று பாருங்கள்.

(அ) இரண்டும் குளிர்: திருகுபிடி மூடியுள்ளது அல்லது துருப்பிடித்து இறுகியுள்ளது. குழாயில் வளி சிக்கியிருக்கவும் கூடும்.
(ஆ) உட்செல்வது சூடு, வெளிவருவது குளிர்: ஹீற்றரின் உட்குழாய்கள் அடைபட்டுள்ளன.
(இ) இரண்டும் சூடு: நீரோட்டத்தில் குறையில்லை. விசிறி மோட்டர், உருகி, வளிக்கதவு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

இயந்திரமே சூடாகாவிடின், வெப்பநிலைநிறுத்தி (தேமோஸ்ரற்) திறந்தபடி சிக்கியுள்ளதா என்று பார்க்க வேண்டும். இவ்வகை இயந்திரங்களுக்கு வழமையாக 82 பாகையில் திறப்பதும், வெப்ப நாடுகளுக்கு 74 பாகையில் திறப்பதும் உண்டு. "வெப்ப நாட்டுக்கு இது தேவையில்லை" என்று கழற்றிவிடும் வழக்கம் நல்லதன்று. அதனால் இயந்திரம் உரிய வெப்பநிலையை அடையத் தாமதமாகி, எரிபொருள் வீணாகும்.

5. திருத்துதல்

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் துருவே. வார்ப்பிரும்பு இயந்திரத்தில் வெறும் நீரை ஊற்றி ஓடுவதால் துரு உண்டாகிக் குழாய்களில் படிகின்றது. இயந்திரம் குளிர்ந்த பின் இரு ஹோஸ்களையும் கழற்றி, வழமையான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் குறைந்த அமுக்கத்தில் நீர் செலுத்த வேண்டும். கலங்கல் நின்று தெளிந்த நீர் வரும்வரை இதனைச் செய்ய வேண்டும். பின்னர் துருத்தடுப்பி கலந்த குளிராக்கித் திரவத்தை நிரப்பி, சிக்கிய வளியை வெளியேற்ற வேண்டும்.

காருக்குள் விரிப்பு நனைந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் படிந்தால் ஹீற்றர் ஒழுகுகின்றது என்பது பொருள். சிலர் இரு ஹோஸ்களையும் ஒன்றாக இணைத்து ஹீற்றரை விலக்கிவிடுவர். கொழும்புக்குள் ஓட இது போதும். மலைநாட்டுக்குப் போகும் காருக்கு இது ஆபத்து. ஒழுக்கை ஈயப்பற்று வைத்து அடைக்கலாம், அல்லது பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பொருந்தும் ஒன்றைத் தேடிப் பொருத்தலாம்.

6. பாதுகாப்பு – கட்டாயம் படிக்கவும்

சூடான றேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறக்க வேண்டாம். மூடி உள்ளமுக்கத்தைக் கூட்டுவதால் நீரின் கொதிநிலை 100 பாகைக்கு மேல் உயர்கின்றது. திறந்தவுடன் அமுக்கம் வீழ்ந்து, கொதிநிலையும் வீழ்ந்து, நீர் திடீரெனக் கொதித்து முகத்தில் பாயும். நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் குறைவு. அங்கு திறந்த பாத்திரத்து நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். எனவே அங்கு இன்னும் கூடிய கவனம் தேவை.

வொக்ஸ்வாகன் பீற்றில் போன்ற வளியால் குளிரூட்டப்படும் கார்களில் ஹீற்றருக்கு நீர் இல்லை. புகைபோக்கிக் குழாயைச் சூழவுள்ள வளியே சூடாகி உள்ளே வருகின்றது. அக்குழாய் துருப்பிடித்து ஓட்டையானால், நிறமும் மணமும் அற்ற நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு காருக்குள் புகும். இத்தகைய காரில் புகைமணம் வந்தால் ஹீற்றரை மூடி, யன்னல்களைத் திறந்து, காரை நிறுத்தி இறங்க வேண்டும்.

மாதிரி வினாக்கள்

1. ஹீற்றரின் தகடுகள் மெல்லியனவாகவும் பலவாகவும் இருப்பது ஏன்?
விடை: வளியுடன் தொடும் மேற்பரப்பின் பரப்பளவு கூடுவதால் வெப்ப இடமாற்ற வீதம் கூடும்.

2. குளிராக்கியாக நீர் பயன்படுவதற்கு ஒரு காரணம் தருக.
விடை: தன்வெப்பக் கொள்ளளவு உயர்வாதலால், சிறிய வெப்பநிலை உயர்வுடன் பெருமளவு வெப்பத்தை உறிஞ்சும்.

3. றேடியேற்றரில் பெருமளவு வெப்பம் வெளியேறுவது கதிர்வீசலினாலா?
விடை: இல்லை. பெரும்பகுதி வளியின் மேற்காவுகையினாலேயே வெளியேறுகின்றது.

மூன்றாம் வினாவைக் கவனியுங்கள். றேடியேற்றர் என்ற ஆங்கிலப் பெயர் கதிர்வீசலைக் குறிப்பதால் பலர் ஏமாந்து புள்ளியை இழப்பர். பெயரைப் பார்த்து விடை எழுதாமல், வெப்பம் செல்லும் வழியைப் பார்த்து எழுதுங்கள்.