தேங்கி நிற்கும் ஒரு மில்லிமீட்டர்

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் 1987இல் 25 லட்சம் லிட்டர் பவளத் தொட்டி ஒன்றைத் திறந்தபோது, அதில் அலை எழுப்பும் இயந்திரத்தையும் பொருத்தினார்கள். வீட்டில் 300 லிட்டர் தொட்டி வைத்திருப்பவருக்கு அந்த வேலையைச் செய்வது கைக்கடக்கமான பம்ப். விளக்குக்கும் உப்புக்கும் தாராளமாகச் செலவு செய்கிறவர்கள்கூட அதை ஏதோ ஒரு மூலையில் ஒட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். பவளம் தழைப்பதும் நலிவதும் பல நேரம் அந்த இடத்தைப் பொறுத்தே அமைகிறது.

நீர் எத்தனை வேகமாக ஓடினாலும், திடப்பொருளைத் தொடும் இடத்தில் அதன் வேகம் பூஜ்யம். அதையொட்டி வேகம் குறைந்த மெல்லிய படலம் ஒன்று இருக்கும். ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டல் 1904இல் விளக்கிய 'எல்லை அடுக்கு' இதுதான். பவளத்தின் மேலும் இந்தப் படலம் போர்த்தியிருக்கிறது. உள்ளே போகும் உணவுச் சத்தும் வெளியேறும் கழிவும் இதை ஊடுருவியே ஆக வேண்டும். அசையாத நீரில் ஆக்சிஜன் ஒரு மில்லிமீட்டர் பரவ ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும். அரை மில்லிமீட்டருக்கு ஒரு நிமிடம் போதும். ஓட்டம் வேகமாகும்போது இந்தப் படலம் மெலியும்; தடிமன் பாதியானால் நேரம் கால்வாசியாகிவிடும்.

பகலில் பவளத் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் ஆக்சிஜனைத் தயாரித்துக் குவிக்கின்றன. அது வெளியேற வழியில்லாமல் தேங்கினால் திசுவுக்கே கேடு. ஜப்பானின் ஓக்கினாவாவில் 1998இல் பவளங்கள் வெளுத்தபின், ஆய்வாளர்கள் நகமுராவும் வான் வோசிக்கும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சூடேறிய நீரிலும், வேகமான ஓட்டத்தில் வைத்த அக்ரோபோரா பவளங்கள் தாக்குப்பிடித்தன. மந்தமான ஓட்டத்தில் இருந்தவை அதிகம் மடிந்தன.

அப்படியானால் பம்பை எங்கே வைப்பது? மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல 20 முதல் 40 மடங்கு நீர் சுழல வேண்டும் என்பது வளர்ப்போர் வழக்கம். அந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரே பெரிய பம்ப் ஒரே திசையில் நீரைப் பீய்ச்சினால், எதிரிலுள்ள பவளத்தின் திசு உரியும். பாறையின் மறுபக்கத்தில் கழிவு மண்டும். அகலமாக நீரைத் தள்ளும் இரண்டு ப்ரொபெல்லர் பம்புகள் இதைவிட மேல். இருபக்கக் கண்ணாடிகளிலும், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் அவற்றை வைத்து, முன்கண்ணாடியை நோக்கிச் சற்றே திருப்பிவிடலாம். இரு ஓட்டங்களும் நடுவில் மோதிச் சிதறும். அந்தக் குழப்பம்தான் பவளத்துக்கு வேண்டும். பம்புகளை மாறி மாறி இயக்கினால் இன்னும் நல்லது. ஓட்டம் திசை மாறும்போதெல்லாம் அந்தப் படலம் கலைகிறது. ஓட்டத்தின் மறைவில் இருந்த கிளைக்கும் புதுநீர் கிடைக்கிறது.

தூரமும் கணக்கில் வரும். பம்பிலிருந்து பாயும் தாரையின் வேகம், தூரம் இரட்டிப்பானால் ஏறக்குறைய பாதியாகும். வேகமான ஓட்டம் வேண்டிய அக்ரோபோராவை அருகிலும், சதைப்பற்றான யூஃபில்லியாவை ஒதுக்குப்புறத்திலும் வைப்பது இதனால்தான். பின்கண்ணாடிக்கும் பாறைக்கும் இடையே நீர் புக இடைவெளி விடுங்கள். நீர்ப்பரப்பு சிற்றலையாகச் சலசலக்க வேண்டும், காற்றிலிருந்து ஆக்சிஜன் கலப்பது அங்கேதான். கொஞ்சம் உணவுத்துகளைத் தூவிப் பார்த்தால் அது எங்கே போய்ப் படிகிறது என்று தெரியும். அதுவே ஓட்டம் எட்டாத மூலை.

தொட்டிக்குப் பவளம் தேடும்போது ஒன்றை மறக்கக்கூடாது: இந்தியாவில் கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை எடுப்பதும் குற்றம். ஆசைக்காக யாரும் அதைத் தொடக்கூடாது.

தொட்டியில் பவளம் வளர வளர ஓட்டமும் மாறும். அக்ரோபோரா கிளைத்துப் புதராகும்போது நடுக்கிளைகளுக்குள் நீர் நுழைவது குறைகிறது. முதலில் வெளிறுவது அங்கேதான். பம்பின் சுழலியில் சுண்ணாம்பு படிந்தாலும் தள்ளும் நீர் குறையும். வினிகரில் ஊறவைத்துக் கழுவி, புதரின் இப்போதைய உருவத்தைப் பார்த்துப் பம்பின் முகத்தைத் திருப்பி வைக்க வேண்டும்.