தலைமையாசிரியரை வெளியே அனுப்பிவிட்டு நடந்த கூட்டம்

1951 ஏப்ரல் 23, திங்கட்கிழமை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஃபார்ம்வில் என்ற சிற்றூர். மோட்டன் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. பேருந்து நிலையத்தில் உங்கள் பிள்ளைகள் வம்பில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், உடனே வாருங்கள் என்கிறது குரல். அவர் பதறியடித்துக்கொண்டு கிளம்புகிறார். அவர் தலை மறைந்ததுமே வகுப்பு வகுப்பாகத் துண்டுச்சீட்டு போகிறது. எல்லோரும் அரங்கத்துக்கு வர வேண்டும். கீழே தலைமையாசிரியரின் சுருக்கொப்பம். அழைப்பும் மாணவர்கள் வேலை, ஒப்பமும் மாணவர்கள் வேலை.

திரை விலகியபோது மேடையில் நின்றவள் 16 வயது மாணவி. ஆசிரியர்கள் வெளியே போகலாம் என்றாள். அவர்கள் தயங்கியதும் காலிலிருந்த ஷூவைக் கழற்றிப் பெஞ்சில் ஓங்கித் தட்டினாள்.

அவளுடைய கோபத்துக்குக் காரணம் கட்டடம். 180 பேருக்காக 1939-இல் கட்டிய கறுப்பின மாணவர்களுக்கான பள்ளியில் அப்போது 450 பேருக்கு மேல் படித்தார்கள். உடற்பயிற்சிக் கூடம் இல்லை, சாப்பாட்டுக் கூடம் இல்லை, ஆய்வகம் இல்லை. இடநெருக்கடிக்கு நிர்வாகம் கண்ட தீர்வு, மரச்சட்டத்தில் தார்க் காகிதம் அடித்த கொட்டகைகள். சாலையில் போனவர்கள் கோழிப்பண்ணை என்று நினைத்தார்கள். மழை வந்தால் கூரை ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு வேர்க்கும், கடைசி வரிசைக்காரன் கோட்டுக்குள் நடுங்குவான். பெற்றோர்கள் மனு மேல் மனு கொடுத்து ஓய்ந்துபோயிருந்தார்கள். இந்தப் பெண் தன் இசை ஆசிரியையிடம் புலம்பியபோது அவர் திருப்பிக் கேட்டது, நீயே ஏன் ஏதாவது செய்யக்கூடாது என்றுதான். அதன் பிறகு நம்பிக்கையான சிலரைச் சேர்த்துக்கொண்டு, வீட்டுக்கும் சொல்லாமல், மாதக்கணக்கில் திட்டம் போட்டாள்.

அன்று தொடங்கிய மாணவர் வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது. மாணவர்கள் கேட்டது புதுப் பள்ளி மட்டுமே. உதவ வந்த வழக்கறிஞர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள்: கட்டடத்துக்காக வாதாட மாட்டோம், இனவாரியாகப் பள்ளிகளைப் பிரித்து வைப்பதையே எதிர்ப்பதானால் வருகிறோம். அந்த மே மாதமே 117 மாணவர்கள் பெயரில் வழக்குப் பதிவானது. 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, சேர்த்து விசாரிக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் இதுவும் ஒன்று. ஐந்தில் மாணவர்களே தொடங்கிவைத்தது இது ஒன்றுதான்.

இன்று இதே அமெரிக்காவில் மாணவர்களின் பொதுப்பணி பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது. மாசசூசெட்ஸ் மாநிலம் 2018-இல் கொண்டுவந்த சட்டப்படி, எட்டாம் வகுப்பிலும் உயர்நிலைப் பள்ளியிலும் மாணவர்களே முன்னின்று நடத்தும், கட்சி சாராத குடிமைப் பணி ஒன்றுக்குப் பள்ளி வழிசெய்தாக வேண்டும். தன்னை அறிதல், பிரச்சினையைத் தேர்ந்தெடுத்தல், ஆராய்தல், திட்டமிடல், செயல்படல், திரும்பிப் பார்த்தல் என்று ஆறு கட்டங்களாக வழிகாட்டி நூலும் உண்டு. ஏட்டில் அருமையாகத்தான் இருக்கிறது. உறுத்துவது வேறு. பிரச்சினையைத் தேர்வது மாணவன். மதிப்பெண் போடுவது பள்ளி. அந்தப் பள்ளிதான் பிரச்சினை என்றால்? கேன்டீன் உணவு, தண்ணீர்க் குழாய், குப்பைத் தொட்டி ஆகியவற்றை எடுத்தால் யாருக்கும் வலிக்காது. கொஞ்சம் விவரமான பிள்ளை அதையே எடுக்கும். கடைசி நாள் இரவில் சார்ட் பேப்பர் ஒட்டி ‘ப்ராஜெக்ட்’ முடித்த நம் ஊர்ப் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிறு வேலையில் பழகினால்தான் பெரிய வேலைக்குத் துணிவு வரும் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். துணிந்தவர்கள் கொடுத்த விலையும் சின்னதல்ல. பாதுகாப்புக்காக அந்த ஃபார்ம்வில் மாணவியை அலபாமாவில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மீதிப் படிப்பு அங்கேதான். தலைமையாசிரியருக்கு வேலை போயிற்று. எல்லா இன மாணவர்களையும் ஒன்றாகப் படிக்கவைக்க இணங்க மறுத்து, 1959-இல் ஃபார்ம்வில் அடங்கிய மாவட்டம் பொதுப் பள்ளிகளையே இழுத்து மூடியது. 1964 வரை திறக்கவில்லை.

ஆனாலும் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்ட பணியில் பள்ளியின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதுதான் இங்கே கேள்வி. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்து வந்த மாணவர்களின் பக்கம் 1969-இல் நின்ற உச்ச நீதிமன்றம், 1988-இல் வேறு பக்கம் சாய்ந்தது. மிசௌரி மாநிலப் பள்ளி ஒன்றின் மாணவர் இதழில் பதின்வயதுக் கர்ப்பம், பெற்றோரின் விவாகரத்து பற்றிய கட்டுரைகள் வரவிருந்தன. தலைமையாசிரியர் அந்தப் பக்கங்களையே எடுத்துவிட்டார். பாடத்தோடு சேர்ந்த இதழ் என்பதால் அவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது தீர்ப்பு. பாடத்துக்குள் வந்துவிட்டால் கடிவாளமும் கூடவே வரும்.

டெக்சாஸ் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. அரசையோ சட்டமன்றத்தையோ நேரடியாக அணுகி ஒரு கோரிக்கையை வலியுறுத்தும் வேலையைப் பாடத்தின் பகுதியாக்கவோ, அதற்கு மதிப்பெண் தரவோ கூடாது என்று 2021-இல் சட்டம் போட்டது. மாணவன் தன் சொந்த நேரத்தில் சட்டமன்ற உறுப்பினரைப் போய்ப் பார்க்கலாம், கடிதம் எழுதலாம்; அதற்குத் தடையில்லை. ஆசிரியர் அதை வீட்டுப்பாடமாகக் கொடுக்கத்தான் கூடாது.