பாயின்ட் ஷூவுக்குப் பாதம் தயாரா?

பாலே கற்கும் பிள்ளைகளுக்குப் பெரிய கனவு, பாயின்ட் ஷூ போட்டு விரல் நுனியில் எழுந்து நிற்பது. பிரிட்டனில் அந்தக் கனவோடு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. “அவள் வாங்கிவிட்டாள், எனக்கு எப்போது?” என்று பிள்ளை கேட்டால், ஆசையைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். பாதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆபத்து எங்கே?

அந்தக் காலணியின் முனை, துணியையும் காகிதத்தையும் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கியது. அது விரல்களைத் தாங்கும், பலம் தராது. பலம் பாதத்திலும் கெண்டைக்காலிலும் இடுப்பிலும் முன்பே ஏறியிருக்க வேண்டும். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். வளரும் வயதில் அவற்றில் பல இன்னும் முழுதாக இறுகியிருக்காது. அவசரப்பட்டால் கணுக்கால் பிசகும். பெருவிரலை மடக்கும் தசைநாண் வீங்கி, கணுக்காலின் பின்புறம் வலிக்கும். இரண்டாம் விரலுக்குப் பின்னுள்ள நீள எலும்பில் மயிரிழை விரிசல்கூட விழலாம்.

நடன மருத்துவர்களின் பொதுவான அறிவுரை இது: 12 வயதுக்கு முன் வேண்டாம். வாரம் ஒரே ஒரு வகுப்பு போகும் பிள்ளைக்கும் வேண்டாம். வாரம் இரண்டு வகுப்பு என்றால், உடல் உறுதியாக இருக்கும் பட்சத்தில் பயிற்சியின் நான்காம் ஆண்டில் தொடங்கலாம். 12 வயது நிரம்பியதே தகுதி ஆகிவிடாது.

பலம் ஏற்றுவது எப்படி?

பிள்ளைக்கு இப்படிச் சொல்லிக்கொடுங்கள்: வெறுங்காலோடு நாற்காலியில் உட்காருங்கள். விரல்களை மடக்காமல், குதிகாலும் விரல்களின் அடிப்பகுதியும் தரையில் பதிந்திருக்க, உள்ளங்காலின் வளைவை மட்டும் மெல்ல மேலே தூக்குங்கள். சில நொடி நிறுத்தித் தளர்த்துங்கள். விரல் நகம் தரையைப் பிராண்டினால் செய்முறை தவறு. அடுத்து, பெருவிரலை மட்டும் தூக்கி, மற்ற நான்கையும் தரையில் வைத்துப் பழகுங்கள்; பிறகு அதை மாற்றிச் செய்யுங்கள். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். கணுக்கால் வெளிப்பக்கம் சாயக் கூடாது. தினமும் சில நிமிடம் போதும். பாதத்தை யாராவது அழுத்தி வளைத்தால் பலம் வராது, காயம்தான் வரும்.

கேட்பது உங்கள் உரிமை

பிரிட்டனில் நடன வகுப்பு நடத்தச் சட்டப்படி எந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஆகவே ஆசிரியரின் தகுதியைத் தயங்காமல் கேளுங்கள். ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் போன்ற அமைப்புகளின் பதிவில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பாயின்ட் தொடங்குமுன் பிசியோதெரபிஸ்டிடம் காட்ட வேண்டும் என்று சொல்லலாம். “வலிக்கிறது” என்று பிள்ளை நிறுத்தினால், அதற்காக அவளைத் தண்டிக்க யாருக்கும் உரிமை இல்லை. பிள்ளையைத் தீங்கிலிருந்து காப்பது அரசுகளின் கடமை என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை. பெரிய பெயர் மட்டும் பாதுகாப்பு ஆகாது. வியன்னா அரசு ஓப்பராவின் பாலே அகாடமியில் பிள்ளைகளின் நலன் போதுமான அளவு காக்கப்படவில்லை என்று 2019இல் விசாரணைக் குழு சொன்னது.

வலி வந்தால்

ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள். எலும்பில் ஒரே இடத்தைத் தொட்டால் வலித்தாலோ, ஓய்விலும் வலி விடாவிட்டாலோ மருத்துவரிடம் போங்கள். மயிரிழை விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். வலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். நடனக் காயங்களுக்கென்றே தனிப் பிரிவுகள் நடத்துகிறது. குடும்ப மருத்துவரிடம் அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். மாதவிடாய் நின்றுபோனால் அதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சரியாகச் சாப்பிடாமல் ஆடும் பெண்ணுக்கு அப்படி நேரலாம்; எலும்பும் பலமிழக்கும். வகுப்பில் மிரட்டலோ பலவந்தமோ நடந்தால், பள்ளியின் பிள்ளைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பிள்ளை தானே பேச விரும்பினால், பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசி சைல்ட்லைன் 0800 1111 இலவசம்.

ஓராண்டு தள்ளிப்போவதால் யாருடைய நடனமும் கெட்டுவிடாது. ஷூ வாங்கப் புறப்படுமுன் ஆசிரியரிடம் கேளுங்கள்: “என் பிள்ளையின் பாதத்தை எப்படிச் சோதித்தீர்கள்?” தெளிவான பதில் வரும்வரை காத்திருங்கள்.