கப்பலுக்குச் செல்லும் பிள்ளைகளும் கரையில் நிற்கும் நிறுவனங்களும்

தாம்பரத்தில் ஏரிகள் உண்டு, குன்றுகள் உண்டு, இரயில் நிலையமும் விமானப்படைத் தளமும் உண்டு. கடல் மட்டும் இல்லை. ஆயினும் கப்பல் தொழிலுக்கும் சென்னையின் தென்புறத்து ஊர்களுக்கும் உள்ள உறவு கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிதும் வளர்ந்திருக்கிறது. நம் பங்குகளிலும் பிளஸ்டூ முடித்த பிள்ளை, "நான் கப்பலுக்குப் போகிறேன்" என்று சொல்லும் இல்லங்கள் உண்டு. அவ்வில்லங்களின் பெற்றோரை மனத்திற்கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரும் சாலையில் பள்ளிக்கரணையைக் கடப்போர், தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தைக் கண்டிருப்பர். 1993இல் நிறுவப்பட்ட இக்கழகம், ஆழ்கடலில் நங்கூரமிட்டு மிதக்கவிடும் மிதவைகளின் வாயிலாகக் காற்றின் வேகம், அலையின் உயரம், நீரின் வெப்பம் ஆகியவற்றை அளந்து கரைக்கு அனுப்புகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் நம் கடற்கரைப் பங்குகள் பட்ட துயரத்தை மறக்க இயலாது. அதன்பின் ஆழிப்பேரலையை முன்னறியும் மிதவைகளையும் இக்கழகத்தார் கடலில் நிறுத்தினர். பேருந்தில் செல்லும் நமக்கு அது வெறும் மதிற்சுவர். வங்கக் கடலில் புயலை எதிர்நோக்கும் மாலுமிக்கோ அங்கிருந்து புறப்பட்ட மிதவை அனுப்பும் செய்தி உயிர்ச்செய்தி.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானத்தூரில், ‘ஆமெட்’ எனும் கடல்சார் கல்விக்கழகம் 1993இல் தொடங்கி, 2007இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. செம்மஞ்சேரியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் இருக்கிறது. மத்திய அரசின் சட்டத்தால் 2008 நவம்பரில் உருவான அப்பல்கலைக்கழகம், மும்பை, கல்கத்தா, விசாகப்பட்டினம், சென்னை ஆகிய நகரங்களில் இயங்கிவந்த ஏழு அரசு நிறுவனங்களை ஒன்றாக இணைத்துக்கொண்டது. இயற்பியல், வேதியியல், கணிதம் பயின்று பிளஸ்டூ தேறியவர் கப்பற் பொறியியலுக்கோ மாலுமிக் கல்விக்கோ செல்லலாம். பத்தாம் வகுப்புத் தேறியவரும் ஆறு மாதப் பயிற்சியின்பின் சாதாரணக் கடலோடியாகச் சேரலாம். எந்தப் பயிற்சி நிலையமானாலும், மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஒப்புதல் அதற்கு உண்டா என்று முதலில் கேட்டறிதல் வேண்டும். அங்கே கட்டடம் பெரிதா, சீருடை வெள்ளையா என்பதெல்லாம் பிறகு.

கப்பல் வேலையை நாம் பெரும்பாலும் மாலுமியையும் கடலையும் கொண்டே எண்ணிப் பார்க்கிறோம். உண்மையிலோ ஒரு கப்பல் ஓடுவதற்குக் கரையில் பலர் நிற்கவேண்டும். கப்பலின் உரிமையாளர் கிரேக்க நாட்டவராயிருக்கலாம். அது பறக்கவிடும் கொடி பனாமாவுடையதாயிருக்கலாம். நிர்வாகம் சிங்கப்பூரில், காப்பீடு இலண்டனில், ஆட்களை எடுத்தனுப்பிய கம்பெனி சென்னையில் என்றிருப்பதும் உண்டு. கப்பலின் கட்டுமானம் தரமானதா எனச் சோதித்துச் சான்றளிப்பதற்கென்றே தனி நிறுவனங்கள் உள்ளன. அவற்றுள் மூத்தது 1760இல் இலண்டனில் தோன்றிய லாயிட்ஸ் பதிவகம், நம் நாட்டில் அதே பணியைச் செய்யும் இந்தியக் கப்பல் பதிவகம் 1975இல் அமைந்தது. துறைமுகத்திற்கு வந்தால் வழிகாட்டும் பைலட்டு, இழுவைப் படகு, அரிசி பருப்பு முதல் கயிறு வரை கொண்டுவந்து தரும் வியாபாரி, உரிமையாளர் சார்பில் எல்லாவற்றையும் கவனிக்கும் கப்பல் ஏஜெண்டு என்று ஒரு சிற்றூரே கூடிவிடும்.

இத்தனை பேர் இருப்பது நல்லதுதான். ஆனால் தீங்கு நேரும்போது, பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டிக்காட்டுவதற்கும் இதுவே இடந்தருகிறது. ஆகவே தம் பிள்ளையை எந்த நிறுவனம் அனுப்புகிறது, கப்பலின் பெயர் என்ன, கொடி எந்நாட்டது, காப்பீடு யாரிடம் என்னும் நான்கு செய்திகளைப் பெற்றோர் எழுதி வைத்திருப்பது மிக அவசியம்.

இனி, பணத்தைப் பற்றிப் பேசவேண்டும். கப்பலில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி இலட்சக்கணக்கில் கேட்கும் தரகர்கள் உண்டு. நகையை அடகு வைத்தும், ஊரிலுள்ள மனையை விற்றும் கொடுப்போர் உண்டு. பிள்ளையைச் சுற்றுலா விசாவில் வளைகுடா நாட்டுக்கு அனுப்பி, ஒப்பந்தம் ஏதுமின்றிப் பழைய எண்ணெய்க் கப்பலொன்றில் ஏற்றிவிடுவார்கள். பிறகு தரகரின் தொலைபேசி ஒலிக்காது.

சட்டமோ மிகத் தெளிவாயிருக்கிறது. ஆளெடுத்து அனுப்பும் நிறுவனம் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். வேலைக்கென்று கடலோடியிடமிருந்து கட்டணம் வாங்குதல் கூடாது. 2006இல் ஜெனீவாவில் ஏற்கப்பட்டு, 2013இல் நடைமுறைக்கு வந்து, 2015இல் இந்தியாவும் இசைந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இதை ஐயத்திற்கிடமின்றிச் சொல்கிறது. மருத்துவச் சான்று, கடவுச்சீட்டு, சி.டி.சி. எனப்படும் கடலோடிப் பதிவேடு ஆகியவற்றின் செலவு கடலோடியைச் சார்ந்தது. விசாச் செலவுகூடக் கப்பல் உரிமையாளருடையதே. ஆகையால் ஒருவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "கம்பெனிக்கு இவ்வளவு கட்டவேண்டும்" என்று சொல்வாரானால், அவர் பேச்சு எவ்வளவு இனிமையாயிருப்பினும், அவர் சட்டத்திற்குப் புறம்பானதைக் கேட்கிறார் என்று துணிந்து கொள்ளலாம். தம் பிள்ளைக்கு மட்டும் விதிவிலக்கு வாங்கித்தரும் தரகர் கிடைத்தார் என்று மகிழும் பெற்றோரையே ஏமாற்றுவது எளிது.

அதே உடன்படிக்கை பிள்ளையின் உரிமைகளையும் வகுத்துள்ளது. கையொப்பமிட்ட வேலை ஒப்பந்தத்தின் மூலப்படி அவர் கையில் இருத்தல் வேண்டும். எந்த இருபத்துநான்கு மணி நேரத்திலும் பத்து மணி நேர ஓய்வும், ஏழு நாட்களில் எழுபத்தேழு மணி நேர ஓய்வும் தரப்படவேண்டும். சம்பளத்தின் ஒரு பகுதியை வீட்டுக்கு நேரே அனுப்பச் செய்யும் வசதி வேண்டும். 2017 ஜனவரி முதல் மற்றொரு காப்பும் சேர்ந்தது. உரிமையாளர் இரண்டு மாதச் சம்பளத்தையேனும் கொடாமல் விட்டாலும், உணவும் எரிபொருளும் இன்றிக் கைவிட்டாலும், ஊர் திரும்பும் செலவை ஏற்காவிட்டாலும், அது ‘கைவிடப்படுதல்’ எனக் கொள்ளப்படும்; அப்போது நான்கு மாதச் சம்பளம் வரையிலும், உணவு, குடிநீர், மருத்துவம், திரும்பும் பயணம் ஆகியவற்றின் செலவையும் காப்பீட்டாளரே ஏற்கவேண்டும். அதற்கான சான்றிதழைக் கப்பலில் எல்லாரும் காணும் இடத்தில் ஒட்டியிருக்கவேண்டும்.

ஏட்டில் இவ்வளவு இருந்தும் நடப்பது வேறு. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் எடுத்த கணக்கின்படி, 2024ஆம் ஆண்டில் 312 கப்பல்களில் 3,133 கடலோடிகள் கைவிடப்பட்டனர். அவர்களுள் மிகுதியானோர் எந்நாட்டவர் என்றால், இந்தியரே: 899 பேர். ஏறத்தாழ ஒரு நடுத்தரப் பங்கின் ஞாயிறு திருப்பலிக்குக் கூடும் மக்கள்தொகை அது.

நம் மாநிலத்திலேயே நிகழ்ந்த ஒன்றைக் குறிப்பிடலாம். 2013 அக்டோபரில் ‘சீமேன் கார்டு ஒகையோ’ என்னும் காவற்கப்பல் தூத்துக்குடிக் கடலில் பிடிக்கப்பட்டது. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் ஆயுதக் காவலர்கள் அதில் இருந்தனர். கப்பற் சிப்பந்திகளையும் சேர்த்து 35 பேர்; அவர்களுள் 12 பேர் இந்தியர், மற்றவர் எஸ்தோனியர், பிரித்தானியர், உக்ரேனியர். ஆயுதங்களுக்கு உரிய அனுமதி இல்லை என்பது வழக்கு. 2016 ஜனவரியில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பிரித்தானியர் அறுவரும் சென்னைப் புழல் சிறையில் இருந்தனர். 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. நான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன. அந்நாட்களில் அவர்களையும், தொலைதூரத்திலிருந்த அவர்தம் குடும்பங்களையும் தாங்கி நின்றவர்களுள், ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த கடலோடிகள் ஊழியம் முக்கியமானது. வேலைக்கு அமர்த்தியவர் விலகி நிற்கும் வேளையில் சிறைக்குச் சென்று பார்க்கவும், மனைவியருக்குச் செய்தி சொல்லவும் ஒருவர் வேண்டியிருக்கிறது. இதை எந்த உடன்படிக்கையும் எழுதி வைக்கவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையில் இப்பணிக்கென அமைந்தது கடல் திருத்தூதுப் பணி. 1920இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தோன்றி, இன்று ‘ஸ்டெல்லா மாரிஸ்’ எனும் பெயரால் வழங்குகிறது. நம்மூரில் அப்பெயரைச் சொன்னால் கதீட்ரல் சாலைக் கல்லூரிதான் நினைவுக்கு வரும். கடலின் விண்மீன் என்று தேவதாயை மாலுமிகள் அழைத்த பழம்பெயர் அது. கடலோடிகளுக்கும் மரியன்னைக்கும் உள்ள உறவை நமக்கு எடுத்துச்சொல்லவும் வேண்டுமோ? மயிலையில் காட்டுக் கோயில் என்னும் இலஸ் ஆலயமும், வேளாங்கண்ணியும் போர்த்துக்கீசிய மாலுமிகளின் நன்றிக்கடனைப் பற்றிய மரபுகளைச் சுமந்தே நிற்கின்றன. 1997இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இப்பணிக்கான ஒழுங்குமுறையை வகுத்தளித்தார்.

இன்று இப்பணியின் தேவை குறையவில்லை, மாறியிருக்கிறது. முன்னாளில் மூட்டை மூட்டையாகச் சரக்கு இறங்கும்வரை கப்பல்கள் நாட்கணக்கில் துறையில் நிற்கும். மாலுமி ஊருக்குள் வந்து பூசை கண்டு, கடிதம் போட்டுத் திரும்புவார். பெட்டகங்கள் வந்தபின், சென்னையில் அதற்கென முனையம் தொடங்கிய 1983 முதல் இங்கும், கப்பல் துறையில் தங்கும் நேரம் சுருங்கிவிட்டது. கரையில் கால் வைக்காமலே மாதங்கள் கழிகின்றன. 2020இல் கொள்ளைநோயால் நாடுகள் எல்லையை அடைத்தபோது, அவ்வாண்டின் இறுதியில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் ஒப்பந்தக் காலம் முடிந்தும் கப்பலைவிட்டு இறங்க இயலாதிருந்தனர். எனவே கப்பலுக்குள்ளேயே ஏறிச்சென்று, தொலைபேசி அட்டையும் செய்தித்தாளும் தந்து, "சம்பளம் வருகிறதா?" என்று கேட்பவரே இன்று பெரிதும் வேண்டப்படுகிறார்.

கரையிலுள்ள குடும்பத்தின் பாடு தனி. ஆறு, எட்டு, ஒன்பது மாதங்கள் கணவர் இல்லாத வீட்டில் பிள்ளையின் முதல் நன்மையும், மாமியாரின் மருத்துவமும், வங்கிக் கடனும் ஒரு பெண்ணின் தோளிலேயே வருகின்றன. கப்பற்காரர் வீடு என்றால் பணம் கொட்டுகிறது என்று அக்கம்பக்கத்தார் எண்ணுவதால், அவளிடம் நலம் விசாரிப்போரைவிடக் கடன் கேட்போரே மிகுதி. ஜூலை மாத இரண்டாம் ஞாயிறு உலகெங்கும் கடலோடிகளின் ஞாயிறாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று விசுவாசிகள் மன்றாட்டில் அவர்களுக்கென ஒரு வேண்டுதல் சேர்க்கப் பங்குக் குருவிடம் கேட்கலாம். திருப்பலி முடிந்ததும், நம் தெருவிலுள்ள அத்தகைய வீடொன்றின் கதவைத் தட்டி, கப்பல் இப்போது எந்தத் துறையில் நிற்கிறது என்று விசாரித்து வரலாம்.