சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல

கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் படிப்பகத்துக்கு ஒரு தந்தை வந்தார். செங்கல் சூளையில் வேலை செய்பவர். கையில் மஞ்சள் பை. அதற்குள் மகளின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், பொறியியல் படிப்பின் எட்டு பருவ மதிப்பெண்கள். எல்லாமே ஜெராக்ஸ்.

"ஒரகடத்துல ஒரு கம்பெனியில பாப்பாவுக்கு வேலை கெடச்சிருக்கு அண்ணே. பதினாலாம் தேதி சேரணும். ஒரிஜினல் கொண்டாரச் சொல்றாங்க. காலேஜுல தரமாட்டேங்கறாங்க" என்றார்.

பதினாலாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அந்தப் பெண் கலந்தாய்வு மூலம், அரசு ஒதுக்கீட்டில், நம் மாவட்டத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் சேர்ந்தவர். அவர்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். சேர்க்கையின்போது 'சரிபார்க்க' என்று வாங்கிய அசல் சான்றிதழ்கள் நான்கு ஆண்டுகளாகக் கல்லூரியின் இரும்பு பீரோவில் கிடக்கின்றன. படிப்பு முடிந்தது. 'நோ டியூஸ்' படிவத்தில் நூலகம், ஆய்வகம், விடுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கணக்குப் பிரிவு மட்டும் போடவில்லை. உதவித்தொகை பாக்கி 71,000 ரூபாயாம். கட்டினால் சான்றிதழ், இல்லாவிட்டால் இல்லை.

மறுநாள் நாங்கள் மூன்று பேர் அவர்களோடு கல்லூரிக்குப் போனோம். நிர்வாக அலுவலர் எங்களை உட்காரச் சொன்னார். பெண்ணின் தந்தையை உட்காரச் சொல்லவில்லை. "ஏம்ப்பா, கவர்மென்ட்டு உங்களுக்கு ஃப்ரீயா கொடுக்குது. அதைக்கூட எங்களுக்குக் கட்ட மாட்டீங்களா?" என்று அவரிடம் கேட்டார். பெண் தலையைக் குனிந்துகொண்டார். தாளாளர் ஊரில் இல்லை, வந்ததும் பேசலாம் என்று எங்களை அனுப்பிவைத்தார்கள்.

அந்த அலுவலர் சொன்னதில் பாதி உண்மை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். முன்பு உதவித்தொகை கல்லூரிக்கே போகும். 2021-இல் வந்த புதிய வழிகாட்டுதலுக்குப் பிறகு, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு மாணவரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. மாணவர்தான் அதை எடுத்துக் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். இந்தப் பெண்ணுக்கு இரண்டாம் ஆண்டில் ஆதார் இணைப்பு சரியில்லை என்று பணமே வரவில்லை. மூன்றாம் ஆண்டுப் பணம் வந்த மாதத்தில் தாய்க்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. அதில் இருபத்தெட்டாயிரம் மருத்துவமனைக்குப் போய்விட்டது. இறுதியாண்டுப் பணம், படிப்பு முடிந்தும் வந்து சேரவில்லை. எனவே 71,000-இல் ஒரு பகுதி உண்மையாகவே அந்தக் குடும்பம் கல்லூரிக்குத் தர வேண்டிய கடன். மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் கடன் இருப்பதாலேயே சான்றிதழைப் பிடித்து வைக்கலாமா?

கூடாது என்பதுதான் சட்டம். ஒருவர் பொருளை இன்னொருவர் பாக்கிக்காகப் பிடித்துவைக்கும் உரிமையை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு சிலருக்கு மட்டுமே தருகிறது. வங்கியர், வணிக முகவர், துறைமுகச் சரக்குக் காப்பாளர், உயர் நீதிமன்ற வழக்குரைஞர், காப்பீட்டுத் தரகர். இந்தப் பட்டியலில் கல்லூரி இல்லை. கல்விச் சான்றிதழ் சந்தையில் விற்று வாங்கும் சரக்கு அல்ல, அதன்மீது யாரும் இந்த உரிமையைக் கொண்டாட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. பாக்கி இருந்தால் கல்லூரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். யாரும் தடுக்கவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை இன்னும் தெளிவானது. சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மாணவரே கையொப்பமிட்ட நகல்தான் கல்லூரியிடம் இருக்கலாம். பொறியியல் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் இதையே சொல்கிறது. அப்படியென்றால் இந்தப் பெண்ணின் சான்றிதழ்கள் பீரோவில் இருந்த நான்கு ஆண்டும் விதிமீறல்தான். பாக்கி என்ற பேச்சு பிறகு வந்தது.

தமிழ்நாட்டில் அடகுக் கடை நடத்துகிறவருக்கு 1943-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உரிமம் வேண்டும், அடகுச் சீட்டு கொடுக்க வேண்டும். எங்கள் பெண் தன் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கொடுத்தபோது கல்லூரி ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. அந்தத் தந்தை மனைவியின் கம்மலை அடகு வைத்தவர். அதற்குச் சீட்டு பத்திரமாக வைத்திருக்கிறார். மகளின் சான்றிதழுக்குச் சீட்டு எங்கே என்று நாங்கள் கேட்டபோது, அப்படி ஒன்று கேட்கலாம் என்றே தெரியாது என்றார்.

கூடவந்த தோழர் ஒருவர், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம் என்றார். 2015-இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டம், பட்டியல் சாதியினர் கல்வி நிறுவனத்துக்குள் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. சான்றிதழைப் பிடித்து வைப்பது என்று தனியாக ஒரு குற்றம் அதில் எழுதப்படவில்லை. நிற்காத புகாரைக் கொடுத்து அந்தச் சட்டத்தின் பெயரைக் கெடுத்துக்கொள்ள நாங்கள் விரும்பவில்லை. அதைக் குறை சொல்லக் காத்திருப்பவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

கல்லூரிக்கு அவசரமில்லை. பாக்கி இந்த மாதம் வராவிட்டால் அடுத்த மாதம் வரும். பிள்ளைக்குத்தான் தேதி இருக்கிறது. தேதியில் சிக்கி நாடறிந்த வழக்கு ஒன்று 2024-இல் நடந்தது.

உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழும் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன். தலித் மாணவர். தன் கடைசி வாய்ப்பில் தேர்வெழுதி, தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் இடம் வாங்கினார். இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். 2024 ஜூன் 24, மாலை 5 மணி கெடு. ஊராரிடம் கடன் வாங்கிப் பணம் சேரும்போது மணி நாலே முக்கால். ஆவணங்களை ஏற்றிப் பணம் செலுத்தப் போனபோது இணையதளம் மூடிக்கொண்டது. இடம் போனது.

அந்தப் பையன் ஏறி இறங்கிய படிகளைப் பாருங்கள். தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்குப் போனார். தன்பாத் ஜார்க்கண்டில் இருப்பதால் அந்த மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனார். அவ்வாண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் அங்கிருந்து நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழிகாட்டப்பட்டார். கடைசியில் உச்ச நீதிமன்றம். செப்டம்பர் 30 அன்று, தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆவது உறுப்பு தரும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, வேறு எந்த மாணவரின் இடத்தையும் தொடாமல் கூடுதல் இடம் ஒன்றை உருவாக்கி அவரைச் சேர்க்க உத்தரவிட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் இதே கதைதான். 2021 நவம்பரில், மும்பை ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் பணம் செலுத்தும்போது அட்டை வேலை செய்யாமல் இடத்தை இழந்த தலித் மாணவருக்கு, அதே நீதிபதி இருந்த அமர்வு அதே 142-ஐப் பயன்படுத்தித்தான் இடம் கொடுத்தது. இரண்டு தீர்ப்புகளையும் நாங்கள் கொண்டாடினோம், படிப்பகத்தில் வாசித்துக் காட்டினோம். ஆனால் 142 உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரிய அதிகாரம். அதைத் தேடி டெல்லிவரை போக முடிந்த பிள்ளைக்குத்தான் அது கிடைக்கும். விதிவிலக்கு வாங்குவது வேறு, விதி மாறுவது வேறு. நம் மாவட்டத்திலிருந்து எந்தப் பிள்ளை 71,000 ரூபாய்க்காக டெல்லிக்குப் போகும்?

பணத்தின் தேதிக்குப் படிப்பு கட்டுப்படுவது நமக்குப் புதிதல்ல. பரோடா அரசரின் உதவித்தொகையில் கொலம்பியாவுக்கும் பிறகு லண்டனுக்கும் போன அண்ணல் அம்பேத்கர், அந்த உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917-இல் லண்டன் படிப்பை அரைகுறையில் விட்டுத் திரும்பினார். பணம் திரட்டி மறுபடியும் அங்கே போக 1920 ஆகிவிட்டது. பின்னாளில் அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில்தான், 1944-இல், பட்டியல் சாதி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. எண்பது ஆண்டு கடந்த திட்டம். படிப்பு முடியும் முன் பணத்தைக் கொண்டுவந்து சேர்க்க இன்னும் அதற்குத் தெரியவில்லை.

2021 வழிகாட்டுதலில் 'ஃப்ரீஷிப் கார்டு' என்று ஒன்று இருக்கிறது. தகுதியுள்ள மாணவர் முன்பணம் கட்டாமலே சேர வழி செய்யும் அட்டை. நாங்கள் சென்ற ஊர்களில் பெற்றோரிடம் இதைப் பற்றிக் கேட்டால் ரேஷன் கார்டை எடுத்துக் காட்டுகிறார்கள்.

பள்ளிப் பிள்ளைகளின் நிலை கொஞ்சம் மேல், சட்டத்தின் அளவிலாவது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, மாற்றுச் சான்றிதழ் கேட்டால் தலைமையாசிரியர் உடனே தர வேண்டும். தாமதித்தால் ஒழுங்கு நடவடிக்கை. டி.சி. இல்லை என்று புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இதை மேலும் இறுக்கியது. டி.சி. என்பது கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல, அதில் கட்டண பாக்கி பற்றி எதுவும் எழுதக் கூடாது என்று எல்லாப் பள்ளிகளுக்கும் அறிவுறுத்துமாறு அரசுக்கு உத்தரவிட்டது. இந்த உத்தரவின் நகலை எங்கள் பகுதியில் இரண்டு மெட்ரிக் பள்ளிகளில் காட்டியே டி.சி. வாங்கினோம். ஒரு பள்ளியில் முதல்வர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுவதும் படித்தார். படித்ததும் கொடுத்துவிட்டார்.

எங்கள் பெண்ணின் விஷயத்துக்கு வருவோம். பிரிவுகளையும் அறிவிக்கைகளையும் சொல்லி ஒரு மனு எழுதினோம். கல்லூரியில் வாங்கிக்கொள்ள மறுத்தார்கள். வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது, வாங்க மறுத்தால் அன்றே ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பிவிட வேண்டும் என்பது பல ஆண்டு அலைச்சலில் நாங்கள் கற்றது. அப்படியே அனுப்பினோம். திங்கள்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் ஒரு நகல். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் ஒரு நகல். இறுதியாண்டுப் பணம் ஏன் வரவில்லை என்று அங்கே கேட்டதற்கு, "மேலருந்து வரணும் சார்" என்றார்கள்.

பிறகுதான் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். முதலிலேயே போயிருக்க வேண்டும், எங்கள் தவறு. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடியினர் எல்லாருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும் அப்படியே. நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. சாதிச் சான்றிதழ் நகலோடு போனால் போதும். அங்கே கொடுத்த இளம் வழக்குரைஞர் அன்றைக்கே அறிவிப்பு தட்டச்சு செய்து அனுப்பினார். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவோம் என்ற ஒரு வரி அதில் இருந்தது.

கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது இருபத்தைந்தாம் தேதி. பாக்கியை உதவித்தொகை வந்ததும் கட்டுகிறோம், வீட்டுக்குச் செலவானதைத் தவணையில் தருகிறோம் என்று தந்தை எழுதிக் கொடுத்தார். அது நியாயம் என்றே நாங்களும் சொன்னோம். சான்றிதழ்களைக் கொடுத்தார்கள்.

பதினாலாம் தேதி போய் பதினோரு நாள் ஆகியிருந்தது. கம்பெனியில் கேட்டதற்கு, அடுத்த முறை ஆள் எடுக்கும்போது சொல்கிறோம் என்றார்கள். பெண் இப்போது டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். மாதம் ஒன்பதாயிரம். அதிலிருந்து ஆயிரம் ரூபாயைக் கல்லூரிக்குத் தவறாமல் கட்டுகிறார். ரசீது வாங்கிக்கொள்கிறார்.

வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்துப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. மாற்றுச் சான்றிதழில், கட்டணம் முழுவதும் செலுத்தப்பட்டதா என்ற கட்டத்தில் சிவப்பு மையால் 'ஸ்காலர்ஷிப் பாக்கி' என்று எழுதியிருந்தார்கள். இனி எந்த வேலைக்குப் போனாலும் அந்தத் தாளைத்தான் அவர் நீட்ட வேண்டும். உயர் நீதிமன்றம் பள்ளிகளுக்குக் கூடாது என்றதைக் கல்லூரி எப்படிச் செய்யலாம் என்று கேட்டு, புதிய டி.சி. தரச் சொல்லி மறுபடியும் ஒரு பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறோம். ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.